மண்ணுக்குள் கிடக்கும் குழாய்

கிணற்றிலிருந்து வீட்டுக்கும் மேட்டுக்காட்டுக்கும் தண்ணீர் கொண்டுபோகும் பி.வி.சி குழாயை மண்ணில் புதைத்துவிட்டால் வெயில், மாட்டுக் கால், வண்டிச் சக்கரம் எல்லாவற்றுக்கும் தப்பிவிடும். ஆனால், புதைத்த குழாய்க்கு வேறோர் ஆபத்து உண்டு. கண்ணுக்குத் தெரியாததால் அது இருக்கும் இடமே மறந்துபோகும்.

தாராபுரம் பக்கம் ஒரு தோட்டம். இருபது வருடங்களுக்கு முன் குழாய் புதைத்த பெரியவர் இறந்துவிட்டார். மகன் தென்னை வைக்க பொக்லைன் வைத்துக் குழி எடுத்தார். தென்னைக்குக் குழி 3 அடி ஆழம். குழாய் கிடந்ததும் கிட்டத்தட்ட அதே ஆழம். இரண்டாவது குழியிலேயே குழாய் உடைந்தது. உடைந்த இடத்தை ஒட்டிய பிறகும் மேட்டுக்காட்டுக்குத் தண்ணீர் ஏறவில்லை. பொக்லைன் இழுத்த இழுப்பில் அடுத்த எல்போவும் விட்டிருந்தது. அது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. நேர்கோட்டில் இரண்டு நாள் தோண்டினார். சித்திரை வெயிலில் வாழை இலை மடங்கத் தொடங்கியது. மாட்டுத் தொட்டியும் காய்ந்தது.

மூன்றாம் நாள் அவருடைய அம்மா வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "நேராத் தோண்டாத கண்ணு. நடுவுல பாறை வந்துச்சுன்னு உங்கய்யன் வேம்பைச் சுத்தித்தான் கொண்டு போனாரு. அன்னைக்கு ஆளுகளுக்குக் கூழு கொண்டாந்தது நாந்தான்."

வேம்புக்குக் கிழக்கே எல்போ கிடைத்தது. அதுவரை அந்த அம்மாவிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

குழாய் புதைப்பவர்கள் கவனிக்க வேண்டியவை சில. குழாயின் மேல் இரண்டரை முதல் 3 அடி மண் இருக்க வேண்டும். உளிக்கலப்பை ஒன்றரை அடி வரை இறங்கும் என்பதால், அதற்கு மேலே குழாய் இருக்கக் கூடாது. பள்ளத்தின் அடியில் கல், வேர் எடுத்துவிட்டு 4 அங்குலம் மணலோ சலித்த மண்ணோ பரப்புங்கள். குழாயின் மேலும் அதே அளவு போட்ட பிறகே தோண்டிய மண்ணைத் தள்ளுங்கள். கூரான கல் ஒன்று ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டே இருந்தால், விரிசல் விட சில வருடங்கள் ஆனாலும் கட்டாயம் விடும்.

டிராக்டர் போகும் தடத்தில், பெரிய இரும்புக் குழாய் அல்லது சிமென்ட் குழாய்க்குள் நுழைத்துக் கொண்டுபோங்கள். பசை தடவி ஒட்டிய இணைப்புகளுக்கு ஒரு நாள் அவகாசம் கொடுங்கள். பிறகு இணைப்புகளை மட்டும் திறந்து வைத்து மோட்டாரை ஓட்டி, கசிவில்லை என்று பார்த்துவிட்டு மூடுங்கள். கேட்வால்வை எப்போதும் மெதுவாகவே திருப்புங்கள். சட்டென்று அடைத்தால் ஓடிவரும் தண்ணீர் குழாயை உள்ளிருந்தே அடிக்கும். குழாய் மேடேறி இறங்கும் உச்சியில் ஒரு ஏர் வால்வு அவசியம்.

தொட்டி நிறைய வழக்கத்தைவிட நேரம் ஆகிறதா? காய்ந்த காட்டில் ஓரிடத்தில் மட்டும் அறுகு பச்சையாக இருக்கிறதா? அங்கே கசிவு இருக்கலாம். உடைந்தபின் தோண்டுவதைவிட அப்போதே தோண்டுவது செலவு குறைவு.

எல்லாவற்றுக்கும் மேலாக, பள்ளத்தை மூடுமுன் ஒரு தாளில் படம் போடுங்கள். ஒவ்வொரு எல்போவும் வால்வும் கிணற்று மூலையிலிருந்து எத்தனை அடி, வீட்டு மூலையிலிருந்து எத்தனை அடி என்று இரண்டு அளவு எழுதுங்கள். இரண்டும் இருந்தால் டேப்பைப் பிடித்து இடத்தைச் சரியாகக் கண்டுபிடித்துவிடலாம். மரத்தை அடையாளமாக வைக்காதீர்கள். மரம் சாயும், வெட்டுவார்கள். திருப்பங்களில் ஒரு கல் நடுங்கள்.

ஏற்கெனவே புதைத்துவிட்டவர்கள், இடம் தெரிந்த பெரியவர்கள் வீட்டில் இருக்கும்போதே அவர்களோடு ஒருமுறை காட்டைச் சுற்றி நடந்து அளந்துவிடுங்கள். அந்தத் தாளைப் பட்டா வைத்திருக்கும் பையிலேயே வையுங்கள்.