பெரம்பலூரில் ரயில் இல்லை!

பூட்லோடர் என்றால் என்ன என்று பெரம்பலூர்க்காரர்களுக்கு விளக்குவது ரொம்பச் சுலபம். மாவட்டத் தலைநகர்தான், ஆனால் ஊரில் ரயில் நிலையம் கிடையாது. சென்னைக்கு ரயிலில் போக வேண்டுமென்றால் முதலில் பஸ் பிடித்து அரியலூர் போக வேண்டும். ரயில்தான் கெர்னல். அரியலூர் பஸ்தான் பூட்லோடர். பஸ் வழியில் நின்றுவிட்டால் ரயிலைத் திட்டிப் பிரயோஜனமில்லை!

சரி, விஷயம் இதுதான். கைச்செலவுக் காசைச் சேர்த்து ஒரு மாணவர் ராஸ்பெர்ரி பை 3 வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெமரி கார்டில் லினக்ஸ் ஏற்றி கரண்ட் கொடுத்தால்... டிவி கறுப்பாகவே இருக்கிறது. "போர்டு போச்சு" என்று மேசை டிராயரில் போட்டுவிடுவார். எடுத்துக்கொண்டு போய்க் காட்ட சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் என்ன பக்கத்திலா இருக்கிறது?

ஆனால் பெரும்பாலும் போர்டு போயிருக்காது. சாதாரண பிசியில் பயாஸ் என்று ஒன்று இருக்கிறது. ஒரே பென் டிரைவ் பெரும்பாலான பிசிகளில் கிளம்பும். பெரும்பாலான ஏஆர்எம் போர்டுகளில் அந்தப் பொது ஏற்பாடு இல்லை. ஆல்வின்னர் சிப், கார்டின் தொடக்கத்திலிருந்து 8 கேபி தள்ளித் தேடும். பை 3, கார்டில் 'பூட்கோட்.பின்' என்ற ஃபைலைத் தேடும். 2019-ல் வந்த பை 4-ல் அந்த வேலை போர்டில் உள்ள ஒரு சிப்புக்கே போய்விட்டது. முதல் பைக்காக 2012-ல் எழுதிய கார்டை பை 3-ல் போட்டால் கிளம்பவே கிளம்பாது.

கெர்னல் வந்த பிறகும் தொல்லை உண்டு. போர்டில் எது எங்கே இருக்கிறது என்பதை கெர்னலுக்குச் சொல்வது 'டிவைஸ் ட்ரீ' என்ற ஃபைல். அதற்கு முன் ஒவ்வொரு போர்டின் விவரமும் கெர்னலுக்குள்ளேயே எழுதப்பட்டு, குப்பையாகக் குவிந்து, 2011-ல் லினஸ் டோர்வால்ட்ஸே கடுப்பாகித் திட்டினார். தப்பான டிவைஸ் ட்ரீ போட்டால், கெர்னல் கிளம்பியும் பேசாமல் நிற்கும்.

அப்போ என்ன செய்வது? முதலில் சார்ஜரையும் ஒயரையும் மாற்றிப் பார்க்க வேண்டும். மெல்லிய ஒயரில் கரண்ட் பத்தாது. அடுத்து, போர்டில் மினுக்கும் சின்ன விளக்கை எண்ண வேண்டும். பையில் 4 முறை மினுக்கினால் 'ஸ்டார்ட்.எல்ஃப்' கிடைக்கவில்லை: பஸ் வழியிலேயே நின்றுவிட்டது. 7 முறை மினுக்கினால் கெர்னல் கிடைக்கவில்லை: பஸ் அரியலூர் சேர்ந்தது, ரயிலைத்தான் காணோம்!

அதற்கும் மேலே தெரிய வேண்டுமானால் 3.3 வோல்ட் யுஎஸ்பி சீரியல் கேபிள். (5 வோல்ட் கொடுத்தால் போர்டு நிஜமாகவே போய்விடும்!) பை 3-ல் 'கான்ஃபிக்' ஃபைலில் சீரியலை ஆன் செய்து, வேகம் 115200 என்று வைத்தால், கெர்னல் தன் கதையை வரிவரியாகச் சொல்லும். கடைசி வரி எதுவோ, கோளாறு அதை ஒட்டித்தான்.

வசூலாகக்கூடிய பணத்தை விசாரிக்காமலே வாராக் கடன் என்று தள்ளுபடி செய்தால், நஷ்டம் கொடுத்தவர் தலையில்தான். விளக்கை எண்ணாமல் டிராயரில் போட்ட போர்டும் அதே கணக்குதான்.