மின்னும் வண்டியும் மறைந்த பலகையும்

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஜாக்சன் சென்டர் என்றொரு சிற்றூர் உண்டு. சோள வயல்கள் சூழ்ந்த அவ்வூரில்தான், காருக்குப் பின்னே இழுத்துச் செல்லும் ‘ஏர்ஸ்ட்ரீம்’ வீட்டு வண்டிகள் 1952 முதல் உருவாகி வருகின்றன. அலுமினியத் தகடுகளை ரிவெட் அடித்து இணைத்த இதன் ‘கிளிப்பர்’ வண்டி 1936-இல் வெளிவந்தது. நிறுவனர் வாலி பையம், 1959-இல் இவ்வண்டிகளின் அணியொன்றைக் கேப் டவுனிலிருந்து கெய்ரோ வரை நடத்திச் சென்றார். அவ்வூரில் 2022-இல் திறக்கப்பட்ட காட்சியகத்தில் பழைய வண்டிகளைக் காணலாம்.

அந்த அழகில் மயங்கி, எங்கோ கேட்பாரற்று நிற்கும் பழைய வண்டியைக் குறைந்த விலைக்கு வாங்குவோர் அந்நாட்டில் பலர். கையிலுள்ள சிறுதொகையை மெருகுக்கும் திரைச்சீலைக்கும் செலவிட்டுவிட்டுப் பின்னர் வருந்துவோரும் உண்டு. ஏன் தெரியுமா? வண்டியின் மேனி அலுமினியம், தரையோ ஒட்டுப்பலகை. சன்னல் ஓரங்களில் கசியும் மழைநீர் சுவருக்குள் இறங்கிப் பலகையை மக்கச் செய்கிறது. மேற்கூட்டுக்கும் அடியிலுள்ள எஃகுச் சட்டத்துக்கும் இடையே இருப்பது அப்பலகையே. அது மக்கினால் பின்பகுதி சட்டத்தை விட்டு விலகத் தொடங்கும்.

ஆகவே, சிக்கனம் அறிந்தவர் வாங்குமுன்பே திருப்புளியால் தரையின் மூலைகளைக் குத்திப் பார்ப்பார். வாங்கியபின் முதலில் ஒழுகலை அடைப்பார். மக்கிய பகுதியை மட்டும் அறுத்து மாற்றுவார். அடுத்து அச்சு, பிரேக், டயர்களைச் சீர்செய்வார். கண்ணுக்குத் தெரியாதவற்றுக்கே அவருடைய முதற்பணம் போகும்.

மெருகை அடுத்த ஆண்டுக்குத் தள்ளி வைக்கலாம். மழை அதுவரை காத்திராது!