கடலுக்கென எடுத்துச் சென்ற உணவு

2022 ஜனவரி 3 அன்று நியூஜெர்சியிலிருந்து தெற்கே ஃபுளோரிடாவுக்கு நண்பருடன் காரில் புறப்பட்டேன். கரையேற்றி மூடி வைத்திருந்த அவரது பாய்மரப் படகை மீண்டும் கடலில் இறக்க வேண்டும். வர்ஜீனியாவில் ஐ-95 நெடுஞ்சாலை பனியால் அடைபட்டது; நூற்றுக்கணக்கான வாகனங்களோடு இரவு முழுதும் சிக்கிக்கொண்டோம்.

அடுத்த காரில் குழந்தைகள் பசியால் அழுதனர். படகுக்கென வைத்திருந்த ரொட்டியையும் குடிநீரையும் கொடுக்க நான் தயங்கினேன். நண்பரோ பெட்டியோடு இறங்கிச் சென்றார். ஃபஜ்ருக்குப் பனியை உருக்கி உளூச் செய்தபோது வெட்கினேன்.

படகினுள் எங்கும் பூஞ்சை; பேட்டரி செயலிழந்திருந்தது; கடல்நீர் வால்வு இறுகிக் கிடந்தது. மூன்று நாள் உழைப்புக்குப் பின்னரே பாய் விரிந்தது. ஈகையை மாணவர்களுக்குப் போதிக்கும் நான், அதை அந்தச் சாலையில்தான் கற்றேன். பிறருக்குரிய ரிஸ்க்கைத் தடுக்காத கரங்களை அல்லாஹ் நமக்கு அருள்வானாக. ஆமீன்.