ஆறாவதாக ஓடும் மாணவி

சனிக்கிழமை காலை ஏழு மணி. சாங்கி கடற்கரைப் பூங்காவில் வெளிச்சம் இப்போதுதான் பரவத் தொடங்குகிறது. விமான நிலையத்தில் இறங்க வரும் விமானங்கள் தலைக்கு மேலே தாழப் பறக்கின்றன. தூண்டில் போட்டுவிட்டு இரவெல்லாம் காத்திருந்தவர்கள் தங்கள் மடக்கு நாற்காலிகளை எடுத்துவைக்கிறார்கள். குறுகிய கடலுக்கு அப்பால் புலாவ் ஊபின் தீவு பச்சைக் கோடாகத் தெரிகிறது. கரையோரப் பாதையில் ஒரு பள்ளியின் நெடுந்தூர ஓட்ட அணி ஓடிவருகிறது.

அந்த அணியில், உயர்நிலை மூன்றில் படிக்கும் ஒரு மாணவியை மட்டும் மனக்கண்ணில் நிறுத்திப் பாருங்கள். அவளுக்குப் பெயர் வேண்டியதில்லை. எந்தப் பள்ளி அணியிலும் அவளைப் போல ஒருத்தி இருப்பாள். அணியில் அவள் ஆறாவதாக ஓடுபவள். அவளுக்கு முன்னால் ஓடும் ஐவரின் முதுகு அவளுக்கு நன்றாகத் தெரியும். யாருடைய காலணி எப்படித் தேய்ந்திருக்கிறது என்பதுகூடத் தெரியும். பின்னாலிருந்தே பார்த்துப் பழகியவள் அல்லவா!

ஆங்கிலத்தில் கிராஸ் கன்ட்ரி எனப்படும் இந்த ஓட்டம் திடலில் ஓடும் ஓட்டத்திலிருந்து வேறுபட்டது. புல், மண், சரளைக்கல், ஏற்றம், இறக்கம் எல்லாவற்றையும் கடந்து சில கிலோமீட்டர் ஓட வேண்டும். இந்தத் தூரத்திற்குள் மூச்சும் வாங்கும், மனமும் தளரும். திடலோட்டத்தில் நாம் நினைவில் வைத்திருப்பது தனி மனிதர்களை. 1968ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 10.38 விநாடியில் ஓடிய சி. குணாளனின் தேசியச் சாதனை 2001 வரை நிலைத்திருந்தது. 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் நெடுந்தூரம் ஓடிய பி. சி. சுப்பையாவின் பெயரையும் விளையாட்டை விரும்புவோர் மறக்கவில்லை. ஆனால், பள்ளிகளின் நெடுந்தூர ஓட்டத்தில் கிண்ணத்தை வெல்வது ஓர் ஆள் அன்று, அணி.

அணியின் புள்ளியைக் கணக்கிடும் முறைதான் இந்த விளையாட்டின் சுவையான பகுதி. முதலில் வருபவருக்கு ஒரு புள்ளி, இருபதாவதாக வருபவருக்கு இருபது புள்ளி. அணியில் முன்னால் வரும் சிலரின் இடங்களைக் கூட்டுவார்கள். எந்த அணியின் கூட்டுத்தொகை மிகக் குறைவோ அதுவே வெற்றி பெறும். எத்தனை பேரைக் கூட்டுவது என்பது போட்டிக்குப் போட்டி வேறுபடும். நான்கு பேர் என்று வைத்துக்கொள்வோம். ஓர் அணியினர் முதலாவதாகவும் இரண்டாவதாகவும் வந்து, மற்ற இருவரும் முப்பதாவது, அறுபதாவது இடங்களில் முடித்தால் கூட்டுத்தொகை 93. இன்னோர் அணியில் முதல் பத்து இடங்களுக்குள் ஒருவர்கூட வரவில்லை. ஆனால் 15, 18, 22, 25 என நால்வரும் நெருங்கி வந்தார்கள். அவர்களின் கூட்டுத்தொகை 80. கிண்ணம் அவர்களுக்கே!

அப்படியென்றால் ஆறாவதாக ஓடுபவளுக்கு அங்கு என்ன வேலை? அவளுடைய இடம் கூட்டலில் வராது. ஆயினும் வேறோர் அணியின் நான்காவது ஓட்டக்காரியை அவள் முந்திவிட்டால், அந்தப் பெண்ணின் இடம் ஒன்று பின்னால் போகும். அந்த அணியின் கூட்டுத்தொகை ஒன்று கூடும். இது முடிவுப் பலகையில் தெரியாது. மேடையில் யாரும் இதைச் சொல்லமாட்டார்கள். சில சமயம் ஒரு புள்ளியில்தான் கிண்ணம் கைமாறும்.

பள்ளிகளுக்கிடையிலான பருவம் ஆண்டின் முற்பகுதியில் வரும். டிசம்பர் விடுமுறையில் மற்ற மாணவர்கள் தாமதமாக எழும்போது ஓட்டக்காரர்கள் விடியுமுன்னே காலணியின் நாடாவைக் கட்டிக்கொண்டிருப்பார்கள். போட்டி பல ஆண்டுகள் பிடோக் நீர்த்தேக்கப் பூங்காவில் நடந்திருக்கிறது. ஒரு காலத்தில் மணல் தோண்டிய குழி அது, 1986இல் நீர்த்தேக்கமானது. அதைச் சுற்றி ஏறக்குறைய 4.3 கிலோமீட்டர் பாதை. போட்டி நாளன்று நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் புறப்படுவார்கள். முதல் இருநூறு மீட்டரில் முழங்கை இடிக்கும், குதிகால் மிதிபடும். பிறகு கூட்டம் நீண்டு மெலிந்துவிடும். கடைசிக் கிலோமீட்டரில் அவளுக்கு முன்னால் இரண்டு பேர், பின்னால் காலடி ஓசை. அவ்வளவுதான் அவளுடைய பந்தயம். அந்த இருவரில் ஒருத்தியை அவள் முந்தினாள். மற்றவள் தப்பிவிட்டாள்.

பருவம் முடிந்தது. அணிக்குக் கிண்ணம் கிடைக்கவில்லை. ஓட்டக்காரர்களுக்கு அது புதிதும் அன்று.

சமூகச் சேவை செப்டம்பரில் வந்தது. சிங்கப்பூரில் உயர்நிலைப்பள்ளி மாணவர் ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு சேவையில் ஈடுபடுவது வழக்கம். சேவை நேரம் பதிவேட்டில் ஏறும். அந்தப் பதிவுக்காகவே வருகிறவர்களும் உண்டு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வந்த பிறகு என்ன செய்கிறார்கள் என்பதுதான் முக்கியம். வாரந்தோறும் சாங்கி கரையில் ஓடுகிற அணி அந்தக் கரையையே சுத்தம் செய்யப் போவது பொருத்தமாகத்தான் இருந்தது.

செப்டம்பரில் உலகின் பல கரைகளில் ஒரே வேலை நடக்கும். அதன் பெயர் அனைத்துலகக் கடலோரத் துப்புரவு. 1986இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் லிண்டா மரானிஸ், கேத்தி ஓஹாரா என்னும் இரு பெண்கள் இதைத் தொடங்கினார்கள். அன்று திரண்டவர்கள் ஏறக்குறைய 2,800 பேர். குப்பையை அள்ளியதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. அள்ளிய ஒவ்வொன்றையும் எண்ணிப் படிவத்தில் குறித்தார்கள். இந்த இயக்கத்தை மற்றத் துப்புரவுகளிலிருந்து பிரித்துக் காட்டுவது இந்த எண்ணிக்கைதான். சிங்கப்பூரில் இது 1992 முதல் நடைபெறுகிறது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் கற்பிக்கும் என். சிவசோதி இதனைப் பல ஆண்டுகள் ஒருங்கிணைத்து, எண்ணற்ற மாணவர்களைக் கடற்கரைக்கும் சதுப்புநிலத்துக்கும் அழைத்துச் சென்றிருக்கிறார்.

கரையில் வேலை இப்படி நடக்கும். முதலில் கடல் ஏற்ற இறக்க அட்டவணையைப் பார்க்க வேண்டும். நீர் வற்றியிருக்கும் நேரத்தில்தான் கரை முழுவதும் கிடைக்கும். முன்பக்கம் மூடிய காலணி, கையுறை, தொப்பி, தண்ணீர் ஆகியவை கட்டாயம். மாணவர்கள் சிறு குழுக்களாகப் பிரிவார்கள். ஒருவர் படிவத்தை வைத்துக்கொள்வார். மற்றவர்கள் பொறுக்கிக்கொண்டே பொருளின் பெயரை உரக்கச் சொல்வார்கள். உயிருள்ள எதையும் தொடக்கூடாது. பழைய போத்தலுக்குள் துறவி நண்டு குடியிருக்கலாம். பையில் போடுமுன் உள்ளே பார்க்க வேண்டும். நிறைந்த பைகளை எடைபோட்டு, அலை எட்டாத மேட்டில் வரிசையாக வைக்க வேண்டும்.

அவள் கையில் படிவம் வந்தது. ஆறாவது ஓட்டக்காரிக்கு எழுத்து வேலை! குழுவினர் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள்.

“போத்தல் மூடி ரெண்டு!”

“உறிஞ்சுகுழல் ஒண்ணு!”

“நுரைப்பஞ்சு... இதை எப்படி எண்றது? கை பட்டாலே உடையுதே!”

நுரைப்பஞ்சுப் பெட்டி கடலில் நொறுங்கி, வெள்ளை மணிகளாகி, மணலோடு மணலாகக் கலந்துவிடுகிறது. பெரிய குப்பையை எவரும் எடுத்துவிடலாம். பொறுமையைச் சோதிப்பவை இந்தச் சிறு குப்பைகள்தாம். சிகரெட் துண்டும் அப்படித்தான். அதன் வடிகட்டி பஞ்சுபோலத் தோன்றினாலும் உண்மையில் அது ஒருவகை நெகிழி. உலக அளவில் தொகுத்த பட்டியலில் பல ஆண்டுகள் அதற்கே முதலிடம். 2019ஆம் ஆண்டின் கணக்கில்தான் உணவுப் பொட்டலங்களின் உறைகள் முதன்முறையாக அதனை முந்தின. யாரோ ஒருவர் ஒவ்வொரு கரையிலும் குனிந்து எண்ணாதிருந்தால் அந்த மாற்றம் எவருக்கும் தெரிந்திராது.

ஒரு மணி நேரம் கழிந்ததும் முதுகு வலித்தது. நான்கு கிலோமீட்டர் ஓடினாலும் வலிக்காத இடமெல்லாம் குனிந்து நிமிர்ந்ததில் வலித்தது. அப்போது நீர் ஏறத் தொடங்கியது. முதல் அலைகளோடு ஒரு நெகிழிப் பையும் இரண்டு போத்தல்களும், அவர்கள் சற்று முன் சுத்தம் செய்த இடத்திலேயே வந்து ஒதுங்கின. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தீவின் கிழக்குக் கரைகளில் இப்படிக் கூடுதலாகக் குப்பை ஒதுங்கும்.

அவளுக்குக் கோபம் வந்தது.

“சார், நாளைக்கு இங்கே இதே அளவு குப்பை கிடக்கும். அப்புறம் நாம ஏன் இதைச் செய்யணும்?”

நல்ல கேள்வி. கேட்க வேண்டிய கேள்வியும்கூட. பயிற்சி ஆசிரியர் அவசரப்பட்டு ஆறுதல் சொல்லவில்லை. கடலுக்கு அப்பால் தெரிந்த ஊபினின் கிழக்கு முனையைக் காட்டினார்.

“அங்கே செக் ஜாவான்னு ஓர் இடம் இருக்கு, தெரியுமா?”

“பள்ளியில கூட்டிட்டுப் போனாங்க, சார். மரப்பாலம் இருக்கும்.”

“அந்தப் பாலம் 2007இல்தான் திறந்தாங்க. 2001இல் அந்த இடத்தையே மண்போட்டு மூடறதா இருந்தது.”

அது நடந்த கதை. நிலமீட்புப் பணி தொடங்கவிருந்த நேரத்தில், அருங்காட்சியகத்தோடு இணைந்து பணியாற்றிய தொண்டூழியர்கள் நீர் வற்றும் வேளைகளில் செக் ஜாவாவுக்குச் சென்றார்கள். அவர்களும் குனிந்தார்கள், எண்ணினார்கள், எழுதினார்கள். நட்சத்திர மீன், கடல்வெள்ளரி, கடல்சாமந்தி என அங்கு வாழ்ந்தவை பட்டியலாயின. பொதுமக்களும் அந்த இடத்தைப் பார்க்கத் திரண்டார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் அரசாங்கம் நிலமீட்பைத் தள்ளிவைக்க முடிவு செய்தது. அழகான இடம் என்று மட்டும் சொல்லியிருந்தால் அது ஒருவருடைய கருத்தாக நின்றிருக்கும். என்னென்ன இருக்கின்றன என்று கணக்குக் காட்டியபோது அதை ஒதுக்கிவைப்பது கடினமாயிற்று.

குப்பைக் கணக்குக்கும் அதே வலிமை உண்டு என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது. உயிரினங்களின் பட்டியல் வியப்பை ஊட்டும். குப்பையின் பட்டியல் சலிப்பைத்தான் ஊட்டும். ஆனாலும் எந்தக் குப்பை அதிகம், அது எந்தக் கரையில் சேருகிறது என்று தெரியாமல் அதைக் குறைக்க வழி தேட முடியாது. 2023 ஜூலை 3 முதல் பெரிய பேரங்காடிகளில் பை ஒன்றுக்குக் குறைந்தது 5 காசு கொடுக்க வேண்டியிருக்கிறது. பை வேண்டுமா என்று யோசிக்க அந்த 5 காசு சிலரைத் தூண்டுகிறது. போத்தல் மூடியைப் பற்றியும் உறிஞ்சுகுழலைப் பற்றியும் அப்படி யோசிக்க வேண்டுமானால், அவற்றை எவரேனும் எண்ணித்தான் ஆகவேண்டும்.

ஆசிரியர் இவ்வளவும் சொல்லவில்லை. “நீ ஓடுறதும் பலகையில வராது. அதுக்காக நீ நின்னுட்டியா?” என்று மட்டும் கேட்டார். அவள் பதில் சொல்லவில்லை. அந்த ஒப்புமை அவளுக்கு முழுமையாகப் பிடிக்கவுமில்லை. பந்தயத்தில் முடிவுக்கோடு என்று ஒன்று உண்டு. இங்கே அது எங்கே?

பத்து மணிக்கு அணியினர் பைகளை வரிசையாக அடுக்கினார்கள். படம் எடுத்துக்கொண்டார்கள். சாங்கி கிராமத்து உணவங்காடி நிலையத்தில் நாசி லெமாக் சாப்பிடுவதா, வேறு ஏதேனும் சாப்பிடுவதா என்று பேச்சு எழுந்தது. அப்போது பிரதிபலிப்பு மேலங்கி அணிந்த துப்புரவு ஊழியர் ஒருவர் நீண்ட வாருகோலுடன் அருகில் வந்தார். பொதுமக்கள் கூடும் கடற்கரைகளைத் தேசியச் சுற்றுப்புற வாரியம் ஏற்பாடு செய்துள்ள ஊழியர்கள் தொடர்ந்து சுத்தம் செய்துவருகிறார்கள். சாங்கி கரை காலையில் சுத்தமாகத் தெரிகிறதென்றால், விடியுமுன்னே யாரோ அங்கு வந்துபோயிருக்கிறார்கள் என்று பொருள். அணி ஓட வரும் சனிக்கிழமைகளிலும் அவர் அங்கேதான் இருந்திருக்க வேண்டும். அவள்தான் கவனித்ததில்லை.

அவர் பைகளைப் பார்த்தார். பிறகு தமிழில் கேட்டார்.

“நிறைய அள்ளிட்டீங்களே, தங்கச்சி! நாளைக்கும் வருவீங்களா?”

கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஆனாலும் அவளுக்கு முகம் சூடேறியது. மூன்று மணி நேரம் பதிவேட்டில் ஏறப்போவதும், மத்தியானம் வீட்டுக்குப் போய்த் தூங்கப்போவதும் நினைவுக்கு வந்தன.

“நாளைக்கு வர முடியாது, அண்ணே. சனிக்கிழமைதான் இந்தப் பக்கம் ஓட வருவோம்.”

“ஓடுற பிள்ளைங்களா நீங்க! பார்த்திருக்கேன். கடைசியா ஒரு பிள்ளை வரும், தலையைக் குனிஞ்சுகிட்டே.”

“நான்தான் அண்ணே அது. கடைசி இல்லை, ஆறாவது.”

அவர் சிரித்தார். வாருகோலால் கிழக்கே, பாறைகள் அடுக்கிய பக்கத்தைக் காட்டினார்.

“அடுத்த தடவை வந்தா அங்கே பாருங்க. காத்து திரும்பினா குப்பையெல்லாம் அந்த மூலையிலதான் சேரும். இங்கே நிக்காது. வந்த புதுசுல எனக்கும் தெரியலை.”

குழுவினர் அவளை அழைத்தார்கள். பேருந்துக்கு நேரமாகிவிட்டது. அவள் படிவத்தின் பின்பக்கத்தைத் திருப்பினாள். அதில் அச்சிட்ட கட்டம் எதுவும் இல்லை.

“எந்த மூலைன்னு சொன்னீங்க, அண்ணே?” என்று கேட்டு, பென்சிலை எடுத்தாள்.