வெட்டும் முன் முடியும் வேலை

ரொறன்ரோத் தெருக்களில் ஏ.டி.வி ஓட்ட அனுமதியில்லை. ஆனாலும் ஸ்காபரோவில் சில வீட்டுக் கராஜ்களில் அந்த நான்கு சக்கர வண்டி நிற்கிறது. வார இறுதியில் டிரெய்லரில் ஏறி, நகருக்கு வெளியே கவார்த்தா பக்கம் போகிறது. சேற்றில் புதையாமல் இருக்கப் பெரிய டயர் வாங்கிப் பூட்டுகிறார்கள்; டயர் ஃபெண்டரில் உரசுகிறது; ஃபெண்டரை வெட்டிவிடலாம் என்று முடிவாகிறது. வீட்டுக்காரர்கள் வெட்டிய ஃபெண்டர்களையும், கார் பம்பர்களோடு நாள் முழுக்கப் புழங்கும் பாடி ஷாப் தொழிலாளர்களின் கைவேலையையும் ஒப்பிட்டுப் பார்த்ததில் எனக்கு ஒன்று உறுதிப்பட்டது. இது அளவெடுக்கும் தொழில். கத்தி படும் முன்பே வேலையின் பெரும்பகுதி முடிந்திருக்க வேண்டும். வீட்டில் செய்பவர் தொழிலாளியின் கருவிகளை வாங்குகிறார்; அவருடைய ஒழுங்கையும் சேர்த்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

இதற்கான முதல் சான்று அந்தப் பொருளிலேயே இருக்கிறது. இன்றைய ஃபெண்டர்கள் பெரும்பாலும் பாலிஎத்திலீன், பாலிபுரோப்பிலீன் வகைகளில் வார்க்கப்படுகின்றன. வேதியியலாளர்கள் கார்ல் சீக்லர் 1953இலும் ஜூலியோ நட்டா 1954இலும் கண்ட வினையூக்கி வழிகளால் பெருகியவை இவை. 1963இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மரக்கிளை மோதினால் வளைந்து மீளும் என்பதுதான் இவற்றின் சிறப்பு. அதே பிளாஸ்டிக்கில் பசையும் பெயின்டும் எளிதில் பிடிக்காது. இரும்பு மட்கார்டில் தவறாக வெட்டினால் தகடு வைத்து வெல்டிங் செய்து, பட்டி பூசி, பெயின்ட் அடித்து மறைக்கலாம். பிளாஸ்டிக்கையும் அதே வகைக் குச்சியை உருக்கி ஒட்டலாம்தான்; ஆனால் நிறம் பொருளுக்குள்ளேயே கலந்திருப்பதால் ஒட்டிய தடம் தெரியும், பழைய வலுவும் முழுதாகத் திரும்பாது. அதனால்தான் அனுபவமுள்ளவர் முதலில் பாகத்தைத் திருப்பி, உட்புறத்தில் 'பிபி' என்றோ 'பிஇ' என்றோ அச்சிட்டிருக்கிறதா என்று தேடுகிறார்.

அடுத்து அளவு. வண்டி சும்மா நிற்கும்போது டயருக்கும் ஃபெண்டருக்கும் உள்ள இடைவெளி எதையும் சொல்லாது. ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்ப வேண்டும். அதிர்வுதாங்கியைக் கழற்றி, சக்கரத்தை மேலே எவ்வளவு ஏற முடியுமோ அவ்வளவு தூக்கிப் பார்க்க வேண்டும். டயரின் தோளில் சாக்பீஸ் தேய்த்தால், எங்கே உரசுகிறதோ அங்கே வெள்ளை பதியும். அந்தத் தடத்தைச் சுற்றி, ஓடும்போது டயர் நெளிவதற்கும் சேறு ஒட்டிப் பருப்பதற்கும் இடம் விட்டுக் கோடு போடுகிறார்கள். தையலுக்குத் துணி விட்டு வெட்டும் தையற்காரரின் கணக்கு இது. ஒரு பக்கத்து வடிவத்தை அட்டையில் எடுத்துக் கவிழ்த்தால் மறுபக்கத்துக்கும் அதே அளவு வந்துவிடும். கோட்டுக்குள் போல்ட் துளையோ, பின்னால் வயரோ எரிபொருள் குழாயோ இருக்கிறதா என்று பார்ப்பதும் இந்தக் கட்டத்தில்தான். கால் வைக்கும் இடத்தை ஒட்டிய பகுதியில் கை வைப்பதே இல்லை. ஓடும் டயரிலிருந்து காலைக் காப்பது அதுதான்.

வெட்டும்போது வேகம்தான் எதிரி. பாலிஎத்திலீன் ஏறத்தாழ 130 பாகை செல்சியஸிலும் பாலிபுரோப்பிலீன் 160 பாகைக்கு அருகிலும் உருகும். வேகமாகச் சுழலும் வட்டு அந்தச் சூட்டை நொடிகளில் உண்டாக்குவதால், வெட்டிய இடம் உருகிப் பின்னாலேயே மீண்டும் ஒட்டிக்கொள்கிறது. கோட்டின்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, ஜிக்சாவை மெதுவாக ஓட்டுவதே முறை. வெட்டு திரும்பும் மூலைகளில் முதலில் டிரில்லால் வட்டத் துளை போட்டு, அந்தத் துளையில் வந்து முடியும்படி வெட்டுகிறார்கள். கூர்மையான மூலை எவ்வளவு தகைவைத் திரட்டும் என்பதை 1913இல் பொறியாளர் சார்ல்ஸ் இங்லிஸ் கணக்கிட்டுக் காட்டினார். 1954இல் வானில் சிதறிய இரு காமெட் விமானங்களின் ஆய்வும், உடற்தகட்டில் வெட்டிய திறப்புகளின் ஓரத்தில் தொடங்கும் விரிசலைப் பற்றியே பேசியது. குளிர் இந்த ஆபத்தைக் கூட்டும். பாலிபுரோப்பிலீன் உறைநிலைக்குக் கீழே நொறுங்கும் தன்மை பெறுகிறது. சூடேற்றாத கராஜில் ஜனவரியில் வெட்டினால், கோட்டைத் தாண்டி உடைவதற்கு வாய்ப்பு அதிகம். கடைசியில் அரத்தால் பிசிறு நீக்கி, விளிம்பை மழுக்குவது அழகுக்காக மட்டுமல்ல. விரிசல் பிறக்கும் கீறலை அழிப்பதும் அதுதான்.

வெறும் பிளாஸ்டிக்குக்கு இவ்வளவு பாடா, கெட்டால் புதிதாக வாங்கிக்கொள்ளலாமே என்பார்கள். வாங்கலாம். ஆனால் தவறாக வெட்டிய ஃபெண்டர் உடைவதற்கு முன்பே கல்லையும் சேற்றையும் ஓட்டுபவர் மேல் எறியத் தொடங்கிவிடும். கழித்த பெரிய பிளாஸ்டிக்கைப் போட இடமும் எளிதில் கிடைப்பதில்லை. வெட்டாமல் வண்டியை உயர்த்தும் சாதனத்தைப் பூட்டலாம் என்பது இன்னும் வலுவான மறுப்பு. அது வண்டியின் எடை மையத்தை மேலே கொண்டுபோகிறது; சக்கர அச்சுகளின் கோணத்தையும் கூட்டுகிறது. சரிவில் கவிழக்கூடிய வண்டிக்கு அது நல்லதல்ல. அளந்து குறைவாக வெட்டுவதே பல நேரம் பாதுகாப்பானது. வெட்டவே தேவைப்படாத டயரைத் தேர்வது அதைவிடப் பாதுகாப்பானது என்பதையும் மறுக்கமாட்டேன்.

வீட்டிலேயே வெட்டுவது தொழிலாளியின் பிழைப்பில் கை வைப்பதாகாதா என்ற கேள்வியை நான் எளிதாகக் கடக்க விரும்பவில்லை. ஒன்ராறியோவில் வாகன உடற்பகுதி பழுதுபார்ப்பு, கட்டாயச் சான்றிதழ் தேவைப்படும் தொழில். ஸ்காபரோவில் சென்டெனியல் கல்லூரியின் ஆஷ்டன்பீ வளாகத்தில் வாகனத் தொழில்களைக் கற்பிக்கிறார்கள். ஆனால் இந்த ஊருக்கு வந்து சேர்ந்த தமிழர்கள் பலர் வகுப்புக்கு முன்பே கராஜில் கையால் கற்றவர்கள். அந்த அறிவு எங்கும் எழுதப்படவில்லை என்பதால் அதை மலிவாக எண்ணுகிறோம். வீட்டில் வெட்டப்போகிறவர் அப்படிப்பட்ட ஒருவருக்கு ஒரு மணி நேரக் கூலி கொடுத்து, கோடு போடும் வேலையையாவது அவரோடு சேர்ந்து செய்யட்டும். பிளாஸ்டிக் துருவல்களைத் தண்ணீர் அடித்துத் தெருவுக்குத் தள்ளாமல் பெருக்கி அள்ளவும் அவரே சொல்லித் தருவார். ஸ்காபரோவின் மழைநீர் வடிகால்கள் ஓடைகள் வழியே ஒன்ராறியோ ஏரியில்தான் போய்ச் சேர்கின்றன. அந்த ஒரு மணி நேரத்துக்குக் காசு கொடுக்கத் தயங்காத வாடிக்கையாளர்கள் பெருகினால், கைத்தொழில் அறிவுக்கு இந்த நகரத்தில் உரிய விலை கிடைக்கத் தொடங்கும்.