அவர்கள் நூலை அவர்களிடமே கேட்டு

திங்கள், இரவு

உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ மறுபடி கையில். 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்து, 1942இல் அவர் மறைந்ததால் முற்றுப்பெறாமல் நின்றுபோன நூல்.

இன்று படித்தது 1880 அக்டோபரில் நடந்த சந்திப்பு. கும்பகோணம் கல்லூரியில் ஐயர் தமிழாசிரியராகச் சேர்ந்த ஆண்டு அது. ஊருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர் அல்லவா? அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை, புராணம் என்று அடுக்குகிறார். முதலியார் அசரவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். ஐயர் அதைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. சைவ மடத்தில் விளைந்த அந்தப் பெரும் படிப்புக்குள் ஒரு சமணக் காப்பியம் வரவேயில்லை!

புதன்

சிந்தாமணியில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள். அந்தச் சந்திப்புக்குப் பிறகு அதைப் படிக்க உட்கார்ந்த ஐயரை, அவ்வளவு தமிழ் தெரிந்தவரையும், அதிலுள்ள சமணக் கொள்கைகள் மடக்கிவிட்டன. ஊகித்துப் பொருள் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். கேட்க யார் இருந்தார்கள்? அவரோ கும்பகோணத்திலேயே இருந்த சமணர்களின் வீடு தேடிப் போனார்.

அங்கே கண்டதை இரண்டு முறை படித்தேன். வீட்டில் தோரணம் கட்டியிருக்கிறது. என்ன விசேஷம் என்று விசாரிக்கிறார். சிந்தாமணி படித்து வந்தோம், இன்று பூர்த்தியாயிற்று என்கிறார்கள். வித்துவான்கள் மறந்துபோன நூல், கூப்பிடு தூரத்தில் ஒரு வீட்டில் பாராயண நூலாக உயிரோடு இருந்திருக்கிறது.

வெள்ளி

சம்பந்தர் பதிகங்களில் பத்தாம் பாட்டு பெரும்பாலும் சமணரையும் சாக்கியரையும் சாடும். தேவாரம் ஓதும் வீடுகளில் சமணர் என்ற பேரே அந்தப் பாட்டு வழியாகத்தான் காதில் விழும். என் வீடும் அப்படித்தான். பழைய வழக்கில் எதிர்வாதிகளாக மட்டுமே தெரிந்தவர்கள், தோரணம் கட்டிக் காப்பியம் படிக்கும் குடும்பங்களாக இந்த நூலில் எதிரே வருகிறார்கள்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. சிந்தாமணிக்குப் பழைய உரை கண்ட நச்சினார்க்கினியர் அந்தணர். அவர் முதலில் எழுதிய உரையைச் சமணர்கள் ஒப்பவில்லை என்றும், பிறகு அவர்களுடைய நூல்களைப் பயின்று திருத்தி எழுதினார் என்றும் கர்ணபரம்பரையாகச் சொல்வார்கள். இதில் நான் மதிப்பது ஒன்று: நூலுக்கு உரிமையுள்ளவர்கள் சரி என்று சொன்னால்தான் உரை நிற்கும் என்று நம் முன்னோர் எண்ணியிருக்கிறார்கள்.

ஞாயிறு

1887இல் சிந்தாமணியைப் பதிப்பித்தார் ஐயர். 1898இல் மணிமேகலை. அதன் பௌத்தக் கருத்துகளைத் தெரிந்துகொள்ள மளூர் ரங்காசாரியார் துணையிருந்தார். சைவர் சமண நூலைத் தொடலாமா என்று முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள். ஆனால் ஐயர் கடைசிவரை திருநீறு பூசிய சைவராகவே வாழ்ந்தார். சமண நூலைப் பதிப்பித்ததில் அவருடைய பக்தியில் ஒரு குன்றிமணியும் குறையவில்லை.

நன்றாக வாழ்வது என்பதில் இதற்கும் இடமுண்டு என்று நம்புகிறேன். பிறர் வணங்குவதை அவர்கள் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொள்வதும் ஒரு தர்மம். நம்பிக்கை வேரோடியவனுக்கு அதில் பயம் எதற்கு?

அலமாரியில் உமறுப் புலவரின் சீறாப்புராணம் இருக்கிறது. சாயங்காலம் அடுத்த வீட்டு வாத்தியார் பாயிடம், “எனக்குப் படிச்சுச் சொல்வீங்களாண்ணே?” என்று கேட்டேன்.

“நாளைக்கு அசர் தொழுதுட்டு வந்துடறேன். திண்ணையிலயே உட்காருவோம்” என்றார்.

விலாதத்துக் காண்டத்தில் தொடங்குகிறோம்.