நான்காவது கொப்பி

"நாட்குறிப்பு எழுதுதல் நல்ல பழக்கம்" என்று இங்கே ரொறன்ரோவில் நம் தமிழ்ப் பள்ளி மாணவர்களுக்கு ஆண்டுதோறும் சொல்லி வருபவள் நான். சொல்லுதல் எளிது, செய்தல் அரிது. மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் கைவிட்டவள் அந்த அறிவுரையைச் சொல்லி வந்தாள் என்பதை இம்மலரின் வழியாக ஒப்புக்கொள்ள விரும்புகிறேன்.

முதல் முயற்சி 1984ஆம் ஆண்டு தை மாதத்தில், யாழ்ப்பாணத்தில். எனக்கு அப்பொழுது பதினைந்து வயது. ஐயா வாங்கித் தந்த நாட்குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் கதிரவன் எழுந்ததையும் புள்ளினங்கள் பாடியதையும் வருணித்தேன். இரண்டாம் நாளும் கதிரவனே எழுந்தான். பன்னிரண்டாம் நாள் அவனுக்குச் சூட்டுவதற்கு என்னிடம் அடைமொழி ஒன்றும் மிஞ்சவில்லை. அந்நாட்களில் வீட்டுக்கு யார் வந்தார், அம்மா என்ன சமைத்தார் என்பதைப் பற்றி அந்த ஏட்டில் ஒரு வரியும் இல்லை.

இரண்டாம் முயற்சி 1995இல். அவ்வாண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் தென்மராட்சியை நோக்கி இடம்பெயர்ந்தபோது நாங்களும் அக்கூட்டத்தில் ஒருவராக நடந்தோம். சாவகச்சேரியில் ஒரு பாடசாலை வகுப்பறையில் தங்கியிருந்த நாட்களில் ஒரு கொப்பி வாங்கி, முதற்பக்கத்தில் திகதியை மட்டும் எழுதினேன். பெருந்துயரைச் சொல்லப் பெருஞ்சொற்கள் வேண்டும் என்று எண்ணி, அவை வரும்வரை காத்திருந்தேன். அவை வரவே இல்லை.

மூன்றாம் முயற்சி கனடாவுக்கு வந்தபின், 2001இல். கணினியில் பாமினி எழுத்துருவைக் கொண்டு நாற்பது பக்கங்கள் வரை தட்டச்சுச் செய்தேன். சில ஆண்டுகளின் பின் வேறொரு கணினியில் அதனைத் திறந்தபோது தமிழ் மறைந்து, பொருளற்ற ஆங்கில எழுத்துகளே திரையில் நிறைந்திருந்தன. அறிந்தவரிடம் கொடுத்திருந்தால் மாற்றித் தந்திருப்பார். ஆயினும் மனம் சலித்துவிட்டது.

இவ்வாறு ஓய்ந்திருந்த என்னை மீண்டும் எழுதத் தூண்டியது, பல்கலைக்கழகத்தில் பயிலும் என் மகள் சென்ற ஆண்டு கேட்ட ஒரு கேள்வி. "அண்டைக்கு வீட்டைப் பூட்டேக்க அம்மம்மா என்ன சொன்னவ, அம்மா?"

அம்மா கிணற்றுக் கயிற்றை அவிழ்த்து வீட்டினுள் வைத்தார். கோழிக் கூட்டைத் திறந்துவிட்டார். படலையடியில் ஒருகணம் திரும்பி நின்று ஏதோ சொன்னார். என்ன சொன்னார்? எவ்வளவு முயன்றும் நினைவுக்கு வரவில்லை. கேட்டறியலாம் என்றால் அம்மாவும் இன்று இல்லை. சாவகச்சேரியில் வாங்கிய கொப்பியில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் போதும்; அதற்கு எந்தப் பெருஞ்சொல்லும் வேண்டியிருக்கவில்லை.

அந்த நாட்களிலேதான் வகுப்புக்காக ஆனந்தரங்கப் பிள்ளையைப் பற்றி ஒரு பாடம் ஆயத்தம் செய்ய நேர்ந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்குத் துபாசியாக விளங்கிய அவர், 1736ஆம் ஆண்டு தொடங்கித் தாம் மறைந்த 1761 வரை, ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் தமிழில் நாட்குறிப்பு எழுதினார். 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியது போன்ற பெருநிகழ்ச்சிகளோடு, கப்பல் வந்த செய்தியும் வணிகப் பேச்சும் ஊர்ச் சச்சரவும் அதில் இடம்பெற்றுள்ளன. புலவர் நடையை அவர் நாடவில்லை. அக்காலத்துப் பேச்சுத் தமிழிலேயே எழுதினார். கண்டதையும் கேட்டதையும் அவ்வப்போது எழுதி வைத்ததனாலேயே அக்காலத்துப் புதுச்சேரி இன்றும் நம் கண்முன் நடமாடுகின்றது.

அவர் அரசவை கண்டவர். நான் அடுக்களை கண்டவள். எனினும் அந்த வழி எனக்கும் உரியதே என்று தோன்றியது. இவ்வாண்டுத் தைப்பொங்கலன்று நான்காவது கொப்பியைத் தொடங்கினேன். எனக்கு நானே விதித்துக்கொண்ட விதிகள் மூன்று. நாளொன்றுக்கு ஐந்து வரிக்கு மேல் எழுதுவதில்லை. வாயில் வரும் சொல்லையே எழுதுவது. ஒருநாள் தவறினால் அதற்காக வருந்தி நிறுத்திவிடாமல், மறுநாள் தொடர்வது. நாட்கள் பல தவறியிருக்கின்றன. ஆனாலும் கொப்பி பாதி நிறைந்துவிட்டது. "முழங்காலளவு பனி. பேருந்து வரவில்லை. மகள் தானே புட்டு அவித்தாள். மா சற்று இறுகிவிட்டது." இவ்வளவுதான் ஒருநாள்.

மேல்வகுப்பு மாணவர்களுக்கும் ஆளுக்கொரு கொப்பி கொடுத்து, வாரம் மூன்று வரி எழுதச் சொன்னேன். ஒரு சிறுவன் எழுதியிருந்தான்: "அப்பா இரவு வேலை. நான் எழும்பேக்க அவர் நித்திரை. இந்தக் கிழமை நாங்கள் கதைக்கவில்லை." பிழை திருத்த எடுத்த சிவப்புப் பேனையை மூடி வைத்தேன். அவனை அழைத்துச் செல்ல வந்த தந்தை வாசலில் நின்றபடியே அதனை இருமுறை வாசித்தார். பின்னர் மகனின் பையைத் தம் தோளில் மாட்டிக்கொண்டு, அவனோடு பேசியபடியே நடந்து சென்றார்.

பெற்றோரே, பிள்ளைகளே, உங்கள் வீட்டிலும் ஒரு கொப்பி இருக்கட்டும். நல்ல தமிழ் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். எழுத எழுதத் தமிழும் வந்து சேரும்.

என் நான்காவது கொப்பியின் முதற்பக்கத்தில் கிணற்றுக் கயிற்றையும் கோழிக் கூட்டையும் படலையையும் பற்றி எழுதியிருக்கிறேன். அதன்கீழ் ஒரு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன். அம்மா சொன்னது என்றேனும் நினைவுக்கு வந்தால் அங்கே எழுதுவேன்.